கணவாய்ச் சாலை – 11: தாது வருஷமும் பக்கத்து வீடும்

சென்ற பகுதியில், 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை தொப்பூர்க் கணவாய் வழியாக இறங்கிப் போனதைப் பார்த்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் காடு மேடெல்லாம் அளந்து வரி விதித்தார்கள். அந்த வரிக்கணக்கை இன்னும் இரண்டு பகுதிக்கு எழுதலாம். ஆனால் இந்தச் சாலை கண்டவற்றில் எதைக் கட்டாயம் எழுதியாக வேண்டும் என்று கேட்டால், படைகளைச் சொல்ல மாட்டேன். 1876இல் தொடங்கி 1878 வரை நீண்ட பஞ்சத்தைத்தான் சொல்வேன். தாது வருஷத்தில் பிடித்து ஈஸ்வர வருஷம் முழுக்க ஆட்டிவைத்ததால் அதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்றே பெயர் நின்றுவிட்டது.

அப்போது தருமபுரி தனி மாவட்டமில்லை. 1965 அக்டோபர் 2 வரை அது சேலம் ஜில்லாவின் பகுதி. அந்தப் பழைய சேலம் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: ஓசூர்ப் பக்கம் பாலகாட், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம் பாரமகால், சேலம், ஓமலூர், சங்ககிரிப் பக்கம் தாலாகாட். பாரமகாலுக்கும் தாலாகாட்டுக்கும் நடுவே உள்ள வாசல்தான் தொப்பூர். சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறு இந்தப் பக்கமாக ஓடிக் காவிரியில் சேர்கிறது. ஆறு என்று பெயரே தவிர மழை இல்லாவிட்டால் வெறும் மணல். சுற்றுவட்டாரத்து வெள்ளாமை முழுக்க வானத்தை நம்பியது. கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம், கொள்ளு, ஆமணக்கு. நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு மட்டும்.

1876இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஐப்பசி மழையாவது வரும் என்று காத்திருந்தார்கள்; அதுவும் பொய்த்தது. ஒரு மழை தவறினால் இந்தச் சனம் சமாளித்துக்கொள்ளும். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய தலைமுறை அதைப் பார்த்திருக்காது.

கேழ்வரகு பல வருஷம் கெடாது. விளைந்த வருஷம் வீட்டுத் தேவைக்கு மேல் உள்ளதைத் தானியக்குழியில் கொட்டிவைப்பார்கள். குழி ஆளுயரத்துக்கு மேல் ஆழம் இருக்கும்; வாய் குறுகலாக, அடி அகலமாக வெட்டியிருப்பார்கள். ஈரம் ஏறாமலிருக்கச் சுற்றுச்சுவரில் வைக்கோல் கொடுத்து, தானியத்தைக் கொட்டி, வாயைப் பலகைக் கல்லால் மூடி, மேலே மண்ணைப் போட்டு மெத்தி விடுவார்கள். தெரியாதவர் அதன்மேல் நடந்து போனால்கூட அடியில் தானியம் இருப்பது தெரியாது. திறப்பதற்கும் முறை உண்டு. கல்லை நகர்த்திய கையோடு யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். அடைபட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சுடர் அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்குவான்.

ஒவ்வொரு வசதியான குடும்பத்துக்கும் குழி உண்டு. குழியில்லாத வீட்டுக்காரன் குழியுள்ள வீட்டில் கடன் வாங்கி, விளைந்ததும் பொலியோடு திருப்பி அளப்பான். அதில் சுரண்டலும் இருந்தது, உறவும் இருந்தது. எப்படியானாலும் ஒரு வருஷப் பசியை ஊரே தாங்கிக்கொள்ளும்படி அது கட்டிவைத்திருந்தது. வரியைப் பணமாகவே கட்ட வேண்டும் என்று ஆன பிறகு, விளைந்ததில் ஒரு பங்கு சந்தைக்குப் போயே தீர வேண்டியிருந்தது. குழிக்குப் போவது குறைந்தது. இரண்டு பருவமும் சேர்ந்து பொய்த்தபோது இருந்த குழிகளும் சில மாதங்களில் காலியாகின. 1877 மத்தியிலும் மழை ஏமாற்றியது. செப்டம்பருக்குப் பிறகுதான் வானம் இறங்கி வந்தது. அதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

எவ்வளவு போயிற்று என்பதற்குக் குடிமதிப்புக் கணக்கே சாட்சி. 1871இல் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 19.67 லட்சம். 1881இல் எண்ணியபோது 16 லட்சம்தான் இருந்தது. பிறந்து பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காணோம். செத்தவர்கள் பெரும்பகுதி, இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியவர்கள் மீதி. கணவாய்க்கு மேலே மைசூர்ச் சீமையிலும் இதே கதைதான். அங்கே 1871இல் 50.5 லட்சமாக இருந்தது 1881இல் 41.9 லட்சமாக இறங்கியது. பம்பாய் மாகாணத்துத் தக்காணப் பகுதியிலும் ஐதராபாத்திலும் அதே பசி. மொத்தச் சாவை 55 லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு, ஒரு கோடிக்குப் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும். அந்த மூன்று பாஷைக்காரர்களும் ஒரே சாலையில், ஒரே பசியோடு நடந்தார்கள். புளியங்கொட்டையை இடித்துத் தின்றார்கள். கற்றாழைக் கிழங்கைப் பலமுறை வேகவைத்துக் கசப்பெடுத்துத் தின்றார்கள். எறும்புப் புற்றைத் தோண்டி அதன் சேமிப்பைக்கூட எடுத்தார்கள். டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குடும்பங்களைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. படத்தில் இருக்கும் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

சர்க்கார் என்ன செய்தது? இங்கேதான் எனக்கு ஆறாத கோபம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1874இல், பீகாரில் பஞ்சம் வந்தது. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துத் தாராளமாகக் கொடுத்தார். பசியால் செத்தவர்கள் மிகச் சிலரே. அதற்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டும். ‘பணத்தை வாரி இறைத்துவிட்டார்’ என்று லண்டனில் திட்டினார்கள். அதே டெம்பிளைத்தான் 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார், செலவைக் குறைக்கச் சொல்லி. சென்னை மாகாணத்தில் அப்போது 10 லட்சம் பேருக்கு மேல் நிவாரண வேலையில் இருந்தார்கள். ஆண்களுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று டெம்பிள் நிர்ணயித்தார். பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதற்கும் குறைவு. அந்தக் கூலிக்கு நாள் முழுக்க வெயிலில் கல்லுடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும்.

அந்த அளவை எதிர்த்துப் பேசியவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். சண்டை பல மாதம் நடந்தது. 1877 மார்ச்சில் சென்னை சர்க்கார் இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்று ஏற்றியது. கால் பவுண்டுக்காக மேசையில் கோப்புகள் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஜனங்கள் சாலையோரத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். அதே 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் லிட்டன் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். 1877–78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறக்குறைய 3.2 லட்சம் டன் கோதுமை ஏற்றுமதியானது. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது அவர்களுக்கு வேதவாக்கு.

ரயில் இருந்ததே என்று கேட்பீர்கள். 1860களின் தொடக்கத்திலேயே சென்னை ரயில்வே ஜோலார்பேட்டை, மொரப்பூர் வழியாகச் சேலத்தைத் தொட்டுவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை அது உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக மாட்டு வண்டி வேண்டும். புல்லும் தாளும் இல்லாமல் மாடுகள் முதலில் செத்தன. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 30 கிலோமீட்டர்கூட இல்லை; பட்டினி கிடப்பவனுக்கு அது கடல்தூரம். தானியம் வந்து சேர்ந்தாலும் வாங்கக் கையில் காசில்லை. விதைக்க ஆளில்லை, நெய்த துணிக்கு வாங்குவாரில்லை. கூலியும் இல்லை, நெசவும் இல்லை. சந்தையில் மூட்டை இருந்தது, வாசலில் பிணம் இருந்தது.

இனிப் பக்கத்து வீட்டுக்கு வருவோம். பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று, சர்க்காரைத் திட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் காலத்து மனிதர்களின் தர்மசிந்தனையைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். நடந்தது இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. குழியைப் பூட்டிவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள். நிலத்தையும் தாலியையும் சொற்ப தானியத்துக்கு வாங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். கஞ்சித்தொட்டி வைத்தால் யார் கை சமைத்தது என்று பார்த்து ஒதுங்கியவர்கள் உண்டு. எல்லோரும் உண்ணத் தடையில்லாதபடி உயர்சாதிச் சமையல்காரர்களை வைத்தும், பொதுப்பந்தியில் உட்கார மனமில்லாமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செத்தவர்கள் உண்டு. பசி மனிதர்களை ஒன்றாக்கும் என்பது வெறும் நம்பிக்கை. பசி மனிதர்களைப் பிரிக்கவும் செய்யும்.

அதனால்தான் கதவைத் திறந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர், கிறிஸ்தவர். இந்தப் பஞ்சத்தில் தன் கைப்பொருளை எடுத்துக் கஞ்சி ஊற்றினார். சாதியும் மதமும் கேட்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து பாடினார். சைவக் கீர்த்தனைக்காரர் கிறிஸ்தவ முன்சீப்பைப் பாடும்படி செய்தது அந்தக் கஞ்சி. மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தை விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றியதை எழுத்தாளர் சு. வெங்கடேசன் எழுதியிருக்கிறார். வடலூரில் வள்ளலார் 1867 மே 23இல் மூட்டிய தருமசாலை அடுப்பு அவர் மறைந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. இன்றும் எரிகிறது. தொப்பூர்ப் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

1877 ஆகஸ்டில் ஒரு திருப்பம். மாகாண கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி, உதவி கேட்டு லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார். வைஸ்ராய்க்கு இது பிடிக்கவில்லை; தன் நிர்வாகத்தின் மேல் விழுந்த கறை என்று நினைத்தார். ஆனால் லண்டன் மேயரின் மாளிகையில் தொடங்கிய வசூலுக்கு ஏறக்குறைய 7 லட்சம் பவுண்டு சேர்ந்தது. லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் கொடுத்தன. அவர்கள் 1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் ஆலைகள் நின்றபோது, பட்டினி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பணம் வந்தது.

அந்த நிதியைப் பங்கிடும் கமிட்டிக்குச் செயலாளர் வில்லியம் டிக்பி. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர். ஜில்லாக்களில் கிளைக் கமிட்டிகள் அமைந்தன. வெள்ளைக்கார அதிகாரி, பாதிரியார், வக்கீல், வியாபாரி, மிராசுதார் என்று ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். சர்க்கார் கைவிடுகிற இடமாகப் பார்த்து அந்தப் பணம் போனது: பெற்றோரை இழந்த பிள்ளைகள், வெளியே வந்து கையேந்த மாட்டாத குடும்பங்கள், உடுத்தத் துணியில்லாத பெண்கள். மழை வந்த பிறகு அதன் பெரும்பகுதி சிறு விவசாயிகளுக்கு விதையும் மாடும் வாங்க, கூரை வேயக் கொடுக்கப்பட்டது. உயிர் தப்பியவன் மறுபடி உழவனாக எழுந்து நிற்க வேண்டும் என்று யோசித்துக் கொடுத்த பணம் அது. சர்க்காரின் ஒரு பவுண்டுக் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாருங்கள். ஒன்று, மனிதன் சாகாமலிருக்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று கேட்டது. மற்றது, அவன் மறுபடி வாழ என்ன வேண்டும் என்று கேட்டது.

டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியே காரணம் என்று வாதிட்டு, லண்டனில் காங்கிரஸுக்காகவே உழைத்தார். பஞ்சம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதற்கு அவர் ஓர் உதாரணம். அவர் மட்டுமல்ல.

புனேயில் சார்வஜனிக் சபை என்ற அமைப்பு 1870 முதல் இருந்தது. கணேஷ் வாசுதேவ் ஜோஷியும் ரானடேயும் அதன் தூண்கள். பஞ்சம் வந்தபோது அந்தச் சபை கிராமம் கிராமமாக ஆளனுப்பி, எங்கே எவ்வளவு சாவு, எங்கே நிவாரணக் கூலி குறைவு என்று எழுதி வாங்கி, சர்க்காருக்கு அறிக்கைமேல் அறிக்கை அனுப்பியது. டெல்லி தர்பாருக்கு ஜோஷி கைராட்டை நூலில் நெய்த துணியை உடுத்திக்கொண்டு போனார். ராஜாக்களும் ஜமீன்தார்களும் பட்டிலும் வைரத்திலும் மின்னிய இடத்தில், இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று சபையின் சார்பில் விண்ணப்பம் படித்தார். காந்தி அப்போது ஏழு வயதுப் பையன். தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றிய தன் கட்டுரையைப் பம்பாயில் வாசித்ததும் 1876இல்தான். அதுவரை பஞ்சம் என்பது மழையின் குற்றம், தலையெழுத்து, கலிகாலம். இனி அதற்குக் கணக்கும் பொறுப்பாளியும் உண்டு என்று ஆயிற்று.

தேசம் என்ற நினைப்பு இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் ஆங்கிலப் படிப்பையும் ரயிலையும் தபாலையும் சொல்வார்கள். அவையும் காரணம்தான். ஆனால் சோலாப்பூர்க்காரனின் பசியும் பெல்லாரிக்காரனின் பசியும் தருமபுரிக்காரனின் பசியும் ஒரே பசி, ஒரே உத்தரவால் வளர்ந்த பசி என்று தெரிந்துகொண்ட அந்த இரண்டு வருஷத்தை நான் முன்னால் வைப்பேன். பூகோளப் புத்தகத்தைவிட அது அழுத்தமாகப் படிப்பித்தது.

அதற்கடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1878இல் பஞ்சக் காப்பீட்டு நிதி என்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் திரட்டப் புதிய வரி போட்டார்கள். பஞ்சத்துக்கு என்று வாங்கிய அந்தப் பணம் ஆப்கன் யுத்தத்துக்குத் திரும்பியது. கேள்வி கேட்ட சுதேசமொழிப் பத்திரிகைகளை அடக்க 1878 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. வெகுதானிய வருஷம் நடந்துகொண்டிருந்த செப்டம்பர் 20ஆம் தேதி, திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் கடன் வாங்கி ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். 1884இல் சென்னை மகாஜன சபை. 1885 டிசம்பர் 28இல் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் காங்கிரஸ் கூடியபோது, முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அதே சுப்பிரமணிய ஐயர். காங்கிரஸைக் கூட்டிய ஏ. ஓ. ஹியூம், பஞ்ச காலத்தில் இந்திய சர்க்காரின் விவசாயத் துறைச் செயலாளராக இருந்து, 1879இல் அந்தப் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர்.

ஒற்றுமை அப்படியே வளர்ந்துகொண்டு போயிற்று என்று எழுதினால் பொய்யாகிவிடும். பஞ்சம் ஓய்ந்து நான்கே வருஷத்தில், 1882இல், சேலத்தில் மசூதி கட்டுவதையும் கோயில் ஊர்வலப் பாதையையும் வைத்து இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தது. ஒரே கஞ்சித்தொட்டியில் நின்றவர்கள் கல்லெடுத்தார்கள். கலவரத்தைத் தூண்டியதாக வக்கீல் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த மனிதர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. நாடு முழுவதற்குமான அரசியலுக்கு வந்தார். 1920இல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியான மகாசபை அது. கணவாய்க்கு இந்தப் பக்கம், தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில், தொழுநோய் தின்ற உடம்போடு சுப்பிரமணிய சிவா பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்பப் பாடுபட்டு 1925 ஜூலை 23இல் கண்மூடினார். அவருக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன். நாட்டைத் தாயாகப் பார்க்கும் எண்ணம் இந்த வறண்ட மண்ணில் அவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்குத் தாது வருஷத்துக்கும் பங்கு உண்டு என்பது என் முடிவு.

சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. பசித்தவனுக்கு வேலை கொடுப்பதும் வேலை செய்ய முடியாதவனுக்குச் சோறு போடுவதும் சர்க்காரின் கடமை என்று எழுத்தில் ஏறியது. எந்த ஊரில் பட்டினி என்று மேலே சொல்ல வேண்டிய பொறுப்பு கிராம அதிகாரிகளுக்கு வந்தது. இன்று நாம் படிக்கிற வேலை உறுதித் திட்டத்துக்கும் ரேஷன் கடைக்கும் தூரத்து மூதாதை அது. அந்த விதிகள் கருணையால் வந்தவை அல்ல. லட்சக்கணக்கான பிணங்களும், அவற்றை எண்ணி எழுதியவர்களும் வாங்கித் தந்தவை.

இந்த இடத்தில் இன்றைய சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கணவாயில்தான் இறங்குகிறது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பதிவெண் லாரிகள் பாரம் ஏற்றிக்கொண்டு இந்த இறக்கத்தில் வருகின்றன; பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதுகின்றன. 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக நின்ற வாகனங்களில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி நான்கு பேர். செய்தியில் வராமல் போகும் விபத்துகள் எத்தனையோ. அடிபட்டவரை முதலில் தூக்குவது பக்கத்து ஊர்க்காரர்களும் பின்னால் வந்த ஓட்டுநர்களும்தான். அவர்கள் பாஷை கேட்பதில்லை. தூக்கிச் சென்றவரை போலீஸும் ஆஸ்பத்திரியும் அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது ஏறியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிறது. 1877இல் இந்தச் சாலையில் விழுந்தவனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு, கீழே கிடப்பவரைத் தூக்க யாரும் தயங்க வேண்டாம்.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. தாது வருஷத்தைப் பாடிய கும்மிகளைக் கொங்குப் பகுதியில் புலவர் செ. இராசு தேடித் தொகுத்துப் ‘பஞ்சக் கும்மிகள்’ என்று நூலாக்கினார். பாரமகால் பக்கத்தில் அப்படியொரு முழுத் தொகுப்பு இன்னும் தேவைப்படுகிறது. தொப்பூர், நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, ஓமலூர், தீவட்டிப்பட்டி வட்டாரத்தில் உங்கள் பாட்டி வழியாக வந்த பஞ்சப் பாட்டு, யார் வீட்டுக் குழியைத் திறந்து ஊருக்கு அளந்தார்கள் என்ற பேச்சு, கஞ்சித்தொட்டி இருந்த இடம், தானியக்குழி தூர்ந்து கிடக்கும் மேடு, பழைய கடன் சீட்டு என்று எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெலுங்கிலோ கன்னடத்திலோ பாடினால் அப்படியே அனுப்புங்கள். சொன்னவரின் வயதையும் ஊரையும் மறக்காமல் குறியுங்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்த பகுதியில், இந்தப் பஞ்சத்தின் காரணமாகவே போடப்பட்டு, 1906 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மொரப்பூர்–தருமபுரி சிறு ரயிலின் கதை.